துணைக்கால்

இங்கிலீஷில் தட்டினால் இரண்டும் ஒரே எழுத்து.
மூன்று பேர், நான்கு ராத்திரி, மலிவானது முதலில்
என்று கேட்டேன்.
முதலில் வந்தது
சுத்திகரிப்பு ஆலைக்கு எதிரே செங்கழனி லாட்ஜ்,
நானூற்றைம்பது ரூபாய், வெந்நீர் கிடையாது.
எங்கள் தெருமுனையிலிருந்து
ஷேர் ஆட்டோ போகும்.

மணலிக்கும் மணாலிக்கும் நடுவில்
தமிழில் மட்டும் ஒரு துணைக்கால்.
அந்தக் கால் போக
ரயிலில் இரண்டு ராத்திரி, பஸ்ஸில் ஒரு ராத்திரி.

காசிமேட்டு ஐஸ் கம்பெனியில் கணக்கு எழுதுகிறேன்.
எத்தனை பார் இறங்கியது, எந்தப் படகுக்கு,
யார் கடன் சொன்னார்.
‘ஐஸ் விக்கிறவ ஐஸ் பாக்க ஊருக்குப் போறாளாம்’
லோடு ஏற்றும் தேசப்பன் ஊரெல்லாம் சொல்லியாயிற்று.
அது பார்க்க இல்லை தேசப்பா, சறுக்க.
‘அதான் தினம் இங்க சறுக்கி விழுறியே, காசா கேட்டோம்?’

மெஹருன்னிசா சீட்டைத் தள்ளி எடுத்தாள்.
செலினா ஆஸ்பத்திரியில்
யார் யார் நைட் டூட்டியையோ வாங்கிப் பார்த்து
ஆறு நாள் லீவு சேர்த்தாள்.
பங்குனிக் கடைசி என்று நாள் குறித்தோம்:
பனி கரையக் கரைய வாடகையும் கரையுமாம்.
யாரும் சொல்லாதது,
பனி மேலே மேலே ஏறிக்கொள்ளும்,
ஜீப்காரனும் கூடவே ஏறுவான் என்பது.

சாப்பாடு, ஜீப், சறுக்குக் கட்டை, பூட்ஸ் போக
ராத்திரிக்கு அறுநூறு. மூன்று பேருக்கும் சேர்த்து.

போன் பேசியது மெஹர். அவளுக்குத்தான் உருது.
முதல் ஆள்: கூட ஆம்பளைங்க யாரும் இல்லையா?
‘கட்டை வாடகைக்குத் தர்ற மாதிரி
அதுவும் நீங்களே தர்றீங்களா?’
வைத்துவிட்டான்.
இரண்டாவது ஆள்: ஹீட்டர் தனி, முந்நூறு.
‘ராயபுரத்து உடம்பு, சூடு கையிலயே இருக்கு’
செலினா பின்னாலிருந்து கத்தினாள்.
ஐந்தாவது ஆறாவது எல்லாம் தொள்ளாயிரம், ஆயிரம்,
பால்கனி, பால்கனியிலிருந்து மலை.
எங்களுக்கு மலை வேண்டாம்,
மலை வெளியே சும்மாதானே கிடக்கிறது,
நாலு சுவரும் தாழ்ப்பாளும் போதும்
என்று சொல்லச் சொன்னேன்.
அதற்கு அவளுக்கு உருது வரவில்லை.

கடைசியில் ஒரு எரிச்சலில்
செங்கழனி லாட்ஜையே கூப்பிட்டேன்.
‘பனியா? மார்கழில வாம்மா,
பனியும் புகையும் சேத்துத் தரேன்’
சிரித்தவர் சட்டென்று நிறுத்தி
‘இரு, அந்த ஊர்ப் பையனே ஒருத்தன் மாடியில இருக்கான்’
என்றார்.

துனி சந்த். டேங்கருக்கு வால்வு மாட்டுகிறான்.
ஒரு அறையில் ஆறு பேர், தலைக்கு எழுபத்தைந்து.
மெஹர் பேசப் பேச
அவள் குரல் இறங்கியதைப் பார்த்தோம்.
ஊருக்கு மேலே, பஸ் நிற்கும் இடத்திலிருந்து
அரை மணி நடை.
கீழே மாடு, மேலே அவன் அறை.
இரண்டு வருஷமாக அவன் கட்டிலில்
ஆப்பிள் பெட்டி அடுக்கியிருக்கிறதாம்.
அம்மாவிடம் சொல்லி இறக்கிவைக்கச் சொல்கிறேன்,
ராத்திரிக்கு முந்நூறு கொடுங்கள், அவள் கையில்,
அப்பா கையில் வேண்டாம்.
பிறகு அவன் எங்களைக் கேட்டான்:
இந்த வருஷம் கூரையில் எவ்வளவு விழுந்தது?
நாங்கள் எப்படிச் சொல்வோம்?
போய்ப் பார்த்துச் சொல்கிறோம் என்றாள் மெஹர்.

கணக்கை மறுபடி போட்டேன்.
அப்படியும் ஆயிரத்து நாற்பது உதைக்கிறது.
ஒரே ஒரு ஜோடிக் கட்டை எடுக்கலாம்,
ஆளுக்கு ஒரு நாள் என்றாள் செலினா.
எனக்குப் பாதம் ஐந்து, மெஹருக்கு எட்டு;
பூட்ஸில் பேப்பர் திணித்துக்கொள்ளலாம்.
சரி, நாலாவது நாள்?

யார் கம்மியாக விழுந்தாளோ அவளுக்கு என்றாள் மெஹர்.
இல்லை, யார் அதிகம் விழுந்தாளோ அவளுக்கு என்றேன் நான்.
ஐஸ் கம்பெனியில் எனக்கு இருக்கும் பெயர்
அவர்களுக்குத் தெரியாது.